கூலிக் கணக்கில்லாத சுவிசேஷம்

தமிழில் கிறிஸ்துவப் படம் என்று சொல்லப்படுபவற்றை மூன்று வகையாகப் பிரித்துவிடலாம். அற்புதத்தைக் காட்டுகிறவை, யேசுவின் வரலாற்றைக் காட்டுகிறவை, பாவம்–மன்னிப்பு என்று ஒரு தனிமனிதனின் ஆத்மாவுக்குள் நடக்கும் சண்டையைக் காட்டுகிறவை. 1948-ல் சிட்டாடலும் ஜெமினியும் போட்டி போட்டுக்கொண்டு எடுத்த இரண்டு 'ஞானசௌந்தரி'களும், 1971-ல் வந்த 'அன்னை வேளாங்கண்ணி'யும் முதல் வகை. பீம்சிங்கின் இயக்கத்தில் 1978-ல் தெலுங்கில் வெளிவந்து 'கருணாமூர்த்தி' என்று தமிழ் பேசிய 'கருணாமயுடு' இரண்டாம் வகை. லூக்காவின் சுவிசேஷத்தை வைத்து 1979-ல் எடுக்கப்பட்டு, தமிழ் உட்பட உலகத்து மொழிகளிலெல்லாம் குரல் மாற்றப்பட்ட 'ஜீஸஸ்' படமும் அதே வகைதான். மணிரத்னத்தின் 'கடல்' (2013) மூன்றாம் வகை.

மூன்று வகைக்கும் பொதுவாக ஒரு நம்பிக்கை இருக்கிறது. தீமை மனித நெஞ்சுக்குள் மட்டுமே குடியிருக்கிறது, நெஞ்சு திரும்பினால் எல்லாம் திரும்பிவிடும் என்பது அது. இந்த நம்பிக்கை தேவசாஸ்திர ரீதியாகச் சரியா தவறா என்பதைப் பண்டிதர்கள் பார்த்துக்கொள்ளட்டும். ஒரு சினிமா பார்வையாளனாக எனக்குள்ள புகார் வேறு. இந்த நம்பிக்கையால் நம் கிறிஸ்துவப் படங்கள் சினிமாவாக ஆகாமலே போய்விட்டன. பழனி மலையில் உட்கார்ந்துகொண்டு பார்க்கும்போது இந்தக் குறை எனக்கு இன்னும் துல்லியமாகத் தெரிகிறது.

முதலில் அற்புதப் படங்கள். வேளாங்கண்ணிக் கதையை நினைத்துப் பாருங்கள். ஒரு சிறுவன் நாகப்பட்டினத்து எஜமானனுக்குப் பால் சுமந்து போகிறான். வழியில் தாய் ஒருத்தி குழந்தைக்குப் பால் கேட்கிறாள். கொடுத்துவிடுகிறான். எஜமானன் வீட்டில் தயங்கித் தயங்கிச் சொல்கிறான். குடத்தைத் திறந்தால் பால் பொங்கி வழிகிறது. கதை அவ்வளவுதான். ஆனால் அந்தத் தயக்கம் என்ன? ஒரு ஆழாக்குப் பால் குறைந்ததற்காக ஒரு பையன் நடுங்குகிறான் என்றால், குறைந்தால் என்ன கிடைக்கும் என்பது அவனுக்கு முன்பே தெரிந்திருக்கிறது. கதையை முதலில் சொன்ன ஏழைகளுக்கும் தெரிந்திருக்கிறது. அதனால்தான் நிரம்பிய குடம் அவர்களுக்கு அற்புதமாயிற்று. அடி விழாத ஒரு நாளே அங்கே அற்புதம். இக்கதை திரைக்கு வரும்போது காமிராவுக்குக் குடம்தான் தெரிகிறது, நடுக்கம் தெரிவதில்லை. ஞானசௌந்தரியின் வெட்டுண்ட கைகளுக்கும் இதே கதிதான். கையில்லாத ஒரு பெண் எப்படிச் சாப்பிடுவாள், எப்படி வேலை செய்வாள் என்ற கேள்வி வருமுன் மாதா வந்து கைகளைத் தந்துவிடுகிறாள். வெட்டியது மாற்றாந்தாயின் பொறாமை. தந்தது பரலோகத்தின் கருணை. இடையில் உலகம் என்று ஒன்று இல்லை.

இரண்டாம் வகையைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்லவேண்டும். அவற்றைப் பார்த்தவர்களின் எண்ணிக்கை நம் பத்திரிகைகளைப் படிப்பவர்களின் எண்ணிக்கையைப்போலப் பல ஆயிரம் மடங்கு. கொட்டகையே இல்லாத ஊர்களுக்கு இவை ஜீப்பில் போயிருக்கின்றன. கீழ்மலையில் காப்பித் தோட்டங்களுக்கு நடுவிலுள்ள ஒரு ஊரில், இரண்டு மூங்கில்களுக்கு இடையே கட்டிய வேட்டியில் 'கருணாமூர்த்தி' ஓடியதை நான் பார்த்திருக்கிறேன். பகலெல்லாம் பழம் பறித்துவிட்டு வந்த பெண்கள் சாட்டையடிக் காட்சியில் வாய்விட்டு அழுதார்கள். அந்த அழுகையைக் கேலி செய்ய எனக்கு யோக்யதை இல்லை. பாமர ரசனை என்று அதை ஒதுக்குகிறவர்கள் சினிமாவையும் அறியாதவர்கள், அழுகையையும் அறியாதவர்கள். அடிபடுகிற ஒரு உடம்பை அடிபட்ட உடம்புகள் அடையாளம் கண்டுகொண்டன. இதைவிட நேரான ரசனை எது?

படம் முடிந்ததும் விளக்கைப் போட்டு ஒருவர் பேசினார். அவர் அங்கே அடிபட்டது உங்கள் பாவத்துக்காக என்றார். பாவத்தை உணர்ந்தவர்கள் கையைத் தூக்கச் சொன்னார். பெண்கள் தூக்கினார்கள். எனக்குப் பிரச்னை இந்த இடத்தில்தான். அவர்கள் அழுதபோது அடிபட்டவனின் பக்கத்தில் நின்றிருந்தார்கள். கையைத் தூக்கியபோது அடித்தவனின் பக்கத்துக்கு மாற்றப்பட்டுவிட்டார்கள். தோட்டத்துச் சொந்தக்காரரும் அங்கே இருந்திருந்தால் அவரும் கையைத் தூக்கியிருப்பார், அதே வரிசையில், அதே பாவியாக. எல்லோரும் பாவிகள் என்ற தத்துவத்தில் ஒரு சமத்துவம் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் மறுநாள் காலையில் எடை போடும் இடத்தில் அந்தச் சமத்துவம் செல்லாது. படம் அந்தப் பெண்களிடமிருந்து எதையோ வாங்கிக்கொண்டு வேறு எதையோ கொடுத்துவிட்டுப் போயிற்று என்றுதான் எனக்குத் தோன்றியது.

இனி மூன்றாம் வகை. 'கடல்' இவற்றில் கலையுணர்வோடு எடுக்கப்பட்டது. ஆகவே அதிகமாகக் கேட்கவும் இடம் தருகிறது. சாம் என்ற பாதிரியார், பெர்க்மான்ஸ் என்ற சாத்தான், நடுவில் தாயற்ற தாமஸ். ஒரு ஆத்மாவுக்காக ஒளியும் இருளும் சண்டை போடுகின்றன. கடலும் மணலும் ஓட்டைக் கோயிலும் அழகாகப் படமாக்கப்பட்டிருக்கின்றன. ஆனால் படகு யாருக்குச் சொந்தம், மீனுக்கு விலை வைப்பது யார், முன்பணம் கொடுத்தவன் யார் என்பவை கதையின் நடுவுக்கு வருவதே இல்லை. மீனவக் கிராமம் ஒரு ஆத்மாவின் நாடகத்துக்குத் திரைச்சீலையாகத் தொங்குகிறது. இதை அதே 2013-ல் வந்த பாலாவின் 'பரதேசி'யோடு சேர்த்துப் பார்க்கவேண்டும். அங்கே எல்லாம் தலைகீழ். முன்பணம் இருக்கிறது, கங்காணி இருக்கிறான், முடியாத கடன் இருக்கிறது. ஆனால் கிறிஸ்துவம் வரும்போது அது ஆடிப்பாடி மதம் பரப்பும் ஒரு டாக்டராக, கேலிச்சித்திரமாக வருகிறது.

'பரதேசி'க்கு ஆதாரமான நாவல் பி. எச். டேனியல் 1969-ல் ஆங்கிலத்தில் எழுதிய 'ரெட் டீ'. இரா. முருகவேள் அதை 'எரியும் பனிக்காடு' என்று தமிழாக்கினார். டேனியல் இந்தப் பழனி மலைக்கு மேற்கே தொட்டுக்கொண்டிருக்கும் ஆனைமலைத் தோட்டங்களில் டாக்டராக இருந்தவர். தொழிலாளர்களைச் சங்கமாகத் திரட்டுவதில் பங்கெடுத்தவர். நாவலில் வரும் டாக்டர் ஆபிரகாம் தொழிலாளியின் வியாதிக்கு மருந்து கொடுப்பதோடு நிற்காமல், அந்த வியாதி எங்கேயிருந்து வருகிறது என்று கேட்கிறவர். ஒரு கிறிஸ்துவப் பாத்திரம், நோயாளியின் உடம்பிலிருந்து லயத்துக்கும் லயத்திலிருந்து கம்பெனிக்கும் போகும் பாதை அந்த நாவலில் இருக்கிறது. படம் அந்தப் பாதையை அடைத்துவிட்டு ஒரு பாட்டை வைத்தது. மிஷன்காரர்கள் மீது பாலாவின் ஏளனம் முழுக்க அநியாயமென்று சொல்லமாட்டேன். லயத்தில் செபம் சொல்லிக்கொடுத்துவிட்டுக் கூலியைப் பற்றி வாய் திறக்காதவர்கள் இருந்திருக்கிறார்கள். ஆனால் நமக்குக் கிடைத்திருக்கக்கூடிய ஒரு முக்கியமான கிறிஸ்துவப் பாத்திரம் தமிழ்த் திரையில் இப்படிப் பறிபோயிற்று. பக்தர்கள் சமூகத்தை விட்டார்கள். சமூகத்தைப் பார்த்தவர் டேனியலை விட்டார்.

இந்த இடைவெளியில் என்ன விழுந்துபோகிறது என்பதற்குக் கோடைக்கானலையே உதாரணமாகச் சொல்கிறேன்.

1983-ல் அமெரிக்காவின் வாட்டர்டவுனிலிருந்து ஒரு தெர்மாமீட்டர் தொழிற்சாலை பெயர்த்தெடுக்கப்பட்டு, பாம்பார் சோலையின் விளிம்பில் நிறுவப்பட்டது. பிற்பாடு அது ஹிந்துஸ்தான் லீவரின் கைக்கு வந்தது. 2001 மார்ச்சில், பாதரசம் ஒட்டிய உடைந்த கண்ணாடி மூஞ்சிக்கல்லில் ஒரு பழைய சாமான் கிடங்கில் கிடந்தது வெளியானது. ஊர்க்காரர்கள் ஊர்வலம் போனார்கள். தொழிற்சாலை மூடப்பட்டது. 2003-ல் பாதரசக் கழிவு கப்பலேறி அமெரிக்காவுக்கே திரும்பிப் போயிற்று. சிறுநீரகமும் நரம்பும் கெட்டுவிட்டதாக முன்னாள் தொழிலாளர்கள் சொன்னார்கள். வேலைக்கும் அந்த வியாதிகளுக்கும் சம்பந்தமில்லை என்றது கம்பெனி. 2006-ல் வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. 2015-ல் சோபியா அஷ்ரஃப் என்ற இளம்பெண் ஒரு ராப் பாட்டில் இதை உலகத்தின் காதில் போட்டார். 2016 மார்ச்சில் 591 முன்னாள் தொழிலாளர்களுக்கு உடன்பாடு கையெழுத்தாயிற்று.

இந்த வரலாற்றில் பாவி யார்? நம் கிறிஸ்துவப் படத்தின் இலக்கணப்படி ஒரு பெர்க்மான்ஸைத் தேடிப் பாருங்கள். கிடைக்கமாட்டான். கணக்கு எழுதிய குமாஸ்தா ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போயிருக்கலாம். மேற்பார்வையாளர் நல்ல தகப்பனாக இருந்திருக்கலாம். தொலைதூரத்து டைரக்டர்கள் தருமத்துக்குக் கொடுத்திருக்கலாம். பாதரசம் வாசனை இல்லாமல் அறை வெப்பத்திலேயே ஆவியாவது. அதைப்போலவே இந்தத் தீமையும் யார் நெஞ்சிலும் கறையாகத் தங்காமல் பரவுகிறது. பாவசங்கீர்த்தனக் கூண்டில் மண்டியிட்டு இதைச் சொல்ல ஒருவரும் வரமாட்டார்கள். ஒவ்வொருவரிடமும் இருப்பது ஒரு சின்னக் கையெழுத்து மட்டும்தான். தனிமனித மனமாற்றத்தை மட்டும் அறிந்த ஒரு சினிமா இதன்முன் ஊமையாகிவிடும். அந்த ஆலையில் இருந்த அத்தனை பேரும் ஒரே இரவில் மனம் திரும்பியிருந்தாலும், விடிந்ததும் பாதரசம் பாம்பார் சோலையின் மண்ணில்தான் இருந்திருக்கும்.

வாசகர்களில் சிலர் இந்நேரம் நெளிவார்கள் என்று தெரியும். சமூகநீதி பேசும் படம் என்றால் கோஷம் வரும், கொடி வரும், கடைசி ரீலில் கூட்டம் வரும். பிரசாரத்துக்குப் பதில் பிரசாரம் எதற்கு என்று கேட்பார்கள். நியாயமான பயம்தான். ஆனால் நான் கேட்பது உள்ளடக்கத்தில் ஒரு விஷயத்தைச் சேர்க்கச் சொல்லி அல்ல. காமிராவின் சுபாவத்தைப் பற்றிப் பேசுகிறேன். காமிராவுக்கு ஆத்மா தெரியாது. அதற்குத் தெரிவது கை, தோள், சுவர், சட்டியில் எவ்வளவு இருக்கிறது என்பது. ஆத்மாவைக் காட்டவேண்டுமானாலும் இவற்றின் வழியாகத்தான் காட்டியாக வேண்டும். பிரெஸ்ஸான் இதை அறிந்திருந்தார். கிராமத்துப் பாதிரியாரைப் பற்றிய அவருடைய 1951 படத்தில், அருள் என்பது ரொட்டியும் மலிவான ஒயினும் கெட்டுப்போன வயிறுமாகத்தான் திரையில் வருகிறது. பாஸோலினி 1964-ல் மத்தேயுவின் சுவிசேஷத்தைப் படமாக்கினார். அவர் ஒரு மார்க்ஸியவாதி. வசனத்தை மத்தேயுவிடமிருந்தே எடுத்துக்கொண்டார். ஒரு கோஷமும் சேர்க்கவில்லை. தெற்கு இத்தாலியின் வறண்ட ஊர்களில், அங்கேயுள்ள குடியானவர்களின் முகங்களை வைத்து எடுத்தார். அந்த முகங்களின் முன் அதே பழைய வார்த்தைகள் விழும்போது அவை பொருள் மாறிவிடுகின்றன. அல்லது பழைய பொருளுக்குத் திரும்பிவிடுகின்றன. படத்தைப் போப் 23-ம் அருளப்பரின் நினைவுக்குக் காணிக்கையாக்கினார். எங்கே பிரசாரம்?

நமக்கு அண்டையிலும் உதாரணம் உண்டு. 'அக்கிரகாரத்தில் கழுதை'யைத் தமிழுக்குக் கொடுத்த ஜான் ஆபிரகாம், 1979-ல் மலையாளத்தில் செறியாச்சனைப் பற்றி ஒரு படம் எடுத்தார். குட்டநாட்டுச் சிரியன் கிறிஸ்துவ நிலச்சுவான்தார். போலீஸ் விவசாயிகளைக் கொல்வதைப் பார்த்துவிட்டு மனம் பேதலித்துத் தென்னைமரத்தில் ஏறி ஒளிந்துகொள்கிறான். அவனாகக் கொல்லவில்லை. ஆனால் கொலை தன் நிலத்தின் பொருட்டு நடந்தது என்பதை அவன் உடம்பு அறிந்துவிட்டது. தனிமனிதக் குற்றவுணர்வும் சமூக அநீதியும் ஒரே மரத்தின் உச்சியில் சந்திக்கும் காட்சி அது. ஆத்மாவா சமூகமா என்று பிரித்துக்கொண்டு நிற்பவர்களுக்கு ஜான் அன்றே பதில் சொல்லிவிட்டார்.

சுவிசேஷத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அது கூலியையும் கடனையும் பற்றிய நூல் என்பதை நம் படங்கள் மறைத்துவிட்டன. மத்தேயுவில் வரும் அந்தச் செபத்தில் தமிழின் பழைய மொழிபெயர்ப்பு 'கடன்' என்ற சொல்லைத்தான் வைத்திருக்கிறது. சொல்லும்போது நாம் அதைப் பாவம் என்று மனசுக்குள் மாற்றிக்கொள்கிறோம். திராட்சைத் தோட்டத்துக் கூலிகளின் உவமை இன்னும் நேரானது. சந்தைத் தெருவில் மாலைவரை சும்மா நிற்பவர்களை ஏன் நிற்கிறீர்கள் என்று கேட்டால், எங்களை யாரும் வேலைக்குக் கூப்பிடவில்லை என்கிறார்கள். ஞானார்த்தம் எதுவும் ஏற்றாமல் இந்த ஒரு பதிலைத் திரையில் கேட்க எனக்கு ஆசை. பூம்பாறைப் பக்கம் பூண்டு, காரட் வயல்களுக்கு விடிகாலையில் ஆள் ஏற்றும் வண்டிகளைப் பார்த்தவர்களுக்கு அந்த உவமைக்கு வியாக்யானம் வேண்டியதில்லை.

பாட்டில் இது நடந்திருக்கிறது என்பதையும் சொல்லவேண்டும். மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் இருந்த தியோபிலஸ் அப்பாவு, பரட்டை என்ற பெயரில், கீர்த்தனையின் கௌரவத்தை விட்டுவிட்டு நாட்டுப்பாட்டின் மெட்டிலும் பேச்சிலும் வழிபாட்டையே மாற்றி அமைத்தார். ஒரே உலையில் பொங்கிச் சேர்ந்து உண்பதை இறையியலாக்கினார். சேரி தன் பாஷையில் கடவுளோடு பேசலாம் என்பது அங்கே சித்தாந்தமாக இல்லாமல் தாளமாக இருந்தது. 2005-ல் அவர் மறைந்தார். இலக்கியத்தில் பாமாவின் 'கருக்கு' 1992-லேயே வந்துவிட்டது. கன்னியர் மடத்துக்குள்ளும் சாதி எப்படி வேலை செய்கிறது என்பதை உள்ளேயிருந்து சொன்ன நூல். பாட்டும் எழுத்தும் வந்த இடத்துக்குச் சினிமா வரவில்லை.

ஏன் வரவில்லை? பணம் ஒரு காரணம். கிறிஸ்துவப் படத்துக்குப் பணம் போடுவது பெரும்பாலும் சபை சார்ந்தவர்கள். சமூக அநீதியைக் காட்டத் தொடங்கினால் காமிரா முதலில் சபையின் கல்லறைத் தோட்டத்துக்குத்தான் போகவேண்டியிருக்கும். அங்கே செத்தவர்களுக்கு நடுவில் சாதிச் சுவர் நிற்கும் ஊர்கள் தமிழ்நாட்டில் உண்டு. 2008 மார்ச்சில் விழுப்புரம் மாவட்டத்து எறையூரில், தலித் கிறிஸ்துவர்கள் தங்களுக்குத் தனிப் பங்கு கேட்டதையொட்டி எழுந்த மோதலில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இரண்டு பேர் செத்தார்கள். இரண்டு தரப்பும் ஒரே மாதாவை வணங்குகிறவர்கள். 1950-ம் வருஷத்து ஜனாதிபதி உத்தரவு தலித் கிறிஸ்துவனைத் தாழ்த்தப்பட்டோர் பட்டியலுக்கு வெளியே நிறுத்துகிறது. அவனுடைய ஆலயம் அவனைக் கடைசிப் பெஞ்சில் உட்காரவைத்தது. அரசாங்கத்துக்கு அவன் கிறிஸ்துவன், கிறிஸ்துவர்களுக்கு அவன் பறையன். இதைவிடக் கூர்மையான நாடகம் எந்தத் திரைக்கதாசிரியனுக்குக் கிடைக்கும்? ஆனால் இதற்கு அற்புத முடிவு கிடையாது. கையைத் தூக்கச் சொல்ல முடியாது. ஆகவே எடுக்கமாட்டார்கள்.

வேடிக்கை என்னவென்றால், இந்த மலையில் எடுக்கப்பட்ட படங்களில் சுவிசேஷத்துக்கு நெருங்கி வந்தது கிறிஸ்துவப் படம் என்ற பெயரே இல்லாத ஒன்று. 2024-ல் வந்த மலையாளப் படம் 'மஞ்ஞும்மல் பாய்ஸ்'. 2006-ல் குணா குகைக்குள் விழுந்த ஒருவனை அவன் தோழன் இறங்கி மீட்ட உண்மைச் சம்பவம். வெள்ளைக்காரன் அந்த இடத்துக்குப் பிசாசின் சமையலறை என்று பெயர் வைத்திருந்தான். பாதாளத்தில் இறங்கினார் என்று விசுவாசப் பிரமாணத்தில் வாராவாரம் சொல்லுகிறவர்களுக்கு அந்த வார்த்தையின் பாரம் அந்தப் படத்தில்தான் தெரிந்திருக்கும். என்னைக் கவர்ந்தது இறங்கியவன் மட்டுமல்ல. மேலே கயிற்றை இழுத்தவர்கள். ஆரம்பத்தில் கல்யாண வீட்டு வடம்பிடிப்புப் போட்டியில் தோற்றுப்போகும் அதே கைகள் கடைசியில் சேர்ந்து இழுக்கின்றன. மீட்பு என்பது ஒருவனுக்குள் நடப்பதில்லை, கயிற்றின் நெடுகிலும் நடக்கிறது என்று சொல்லாமல் சொல்லிவிடுகிறது படம். ஆனால் அதிலும் ஒரு எல்லை உண்டு. அந்தக் கயிறு ஒரே ஊர்ச் சிநேகிதர்களோடு முடிந்துவிடுகிறது. மலைக்காரர்கள் ஓரத்தில் நின்று பார்க்கிறார்கள். பளியரும் புலையரும், 1964 ஒப்பந்தத்துக்குப் பின் இலங்கைத் தோட்டங்களிலிருந்து அனுப்பப்பட்டு இங்கே மரம்வெட்டக் கூலியாய் வந்து சேர்ந்தவர்களும் விழுந்திருக்கும் குழி வேறு. அதற்கு இன்னும் நீளமான கயிறு வேண்டும்.

எடுக்கப்படாத ஒரு படத்தைப் பற்றிச் சொல்லி முடிக்கிறேன். சமவெளிக் காய்ச்சலில் மனைவி மக்களைப் பறிகொடுத்த அமெரிக்க மதுரை மிஷன்காரர்கள் 1845-ல் கோடைக்கானலில் முதல் பங்களாக்களைக் கட்டினார்கள். ரஸ்தா வந்தது 1910-களில்தான். அதுவரை எழுபது வருஷம், மலையடிவாரத்திலிருந்து அவர்களையும் அவர்களுடைய குழந்தைகளையும் சாமான்களையும் தோளில் வைத்துத் தூக்கிக்கொண்டு ஏறினார்கள் கூலிகள். ஆங்கிலத்தில் அந்தப் பாதைக்குக் 'கூலி காட்' என்றே பெயர். நாற்காலியில் இருந்தவர்கள் நல்லவர்கள், துக்கம் அறிந்தவர்கள், பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் வைத்தவர்கள். தூக்கியவர்களை அவர்கள் வெறுத்திருக்க வேண்டியதில்லை, நேசித்துமிருக்கலாம். வில்லன் கிடையாது. காமிரா பின்னால் வருகிறது. முன்கழி பிடித்தவனின் தோள்பட்டையில் காய்த்த தழும்பு தெரிகிறது. மூச்சு கேட்கிறது. மேலே ஒருவர் சுமந்து சோர்ந்தவர்களைப் பற்றிய வசனத்தை வாசித்துக்கொண்டு வருகிறார். உச்சியில் இறக்கிவைத்ததும் கூலி எண்ணிக் கொடுக்கப்படுகிறது. வாங்கியவன் அதை ஒருமுறை தானும் எண்ணிப் பார்க்கிறான்.

இதை எடுக்க விசுவாசி வரட்டும், அவிசுவாசி வரட்டும், எனக்கு ஆட்சேபம் இல்லை. சபை இதற்குப் பணம் தராது. தராமலிருப்பதே படத்துக்கு நல்லது.